5 என்றால் எவ்வளவு நேரம்?

மாணவர்களே, இணையத் தொடர்பு சரியில்லாதபோது கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்திருக்கிறீர்களா? சிறிது நேரம் வட்டம் சுழலும். பிறகு, 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற செய்தி வரும். அந்தச் 'சிறிது நேரம்' எவ்வளவு என்பதை நிரலாளர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். பதிலுக்காகக் கணினி காத்திருக்கக்கூடிய உச்ச நேரமே 'டைம்அவுட்', அதாவது காத்திருப்பு வரம்பு.

இந்த வரம்பு ஓர் எண்தான். 5 என்று எழுதினால் அது 5 விநாடியா, 5 மில்லி விநாடியா? பயன்படுத்தும் நிரல் நூலகத்தைப் பொறுத்தே அதற்கு விடை சொல்ல முடியும். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை எழுதித் தொகுத்து வைத்திருப்பதைத்தான் நிரல் நூலகம் என்கிறோம்.

ஸ்க்ராட்சில் 'காத்திரு' கட்டளை விநாடியில் கணக்கிடும். பைத்தானின் 'டைம்' நூலகத்தில் உள்ள 'ஸ்லீப்' கட்டளையும் அப்படித்தான். ஆனால், மைக்ரோபிட் நூலகத்தில் அதே பெயருள்ள 'ஸ்லீப்' மில்லி விநாடியில் கணக்கிடும். இன்னும் வியப்பு என்னவென்றால், பைத்தானின் 'செலக்ட்' என்ற ஒரே நூலகத்துக்குள் 'செலக்ட்' கட்டளை விநாடியையும் 'போல்' கட்டளை மில்லி விநாடியையும் எதிர்பார்க்கின்றன!

தவறினால் என்ன ஆகும்? 5 விநாடி என்று எண்ணி 5000 என எழுதுகிறீர்கள். நூலகம் அதை விநாடியாக எடுத்துக்கொண்டால், கணினி 1 மணி 23 நிமிடம் காத்திருக்கும். செயலி உறைந்துவிட்டதாகவே பயனர் நினைப்பார்.

எதிர்த் தவறு இன்னும் மோசமானது. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 13,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். நேர்கோட்டில் இழை இருந்தாலும், போய்வரச் சுமார் 136 மில்லி விநாடி ஆகும். 5 மில்லி விநாடியில் கைவிடும் நிரலுக்கு அங்கிருந்து ஒருபோதும் பதில் கிடைக்காது. இணையம் நன்றாக இருந்தும் 'தொடர்பு இல்லை' என்றே அது சொல்லும். நிரலில் எழுத்துப் பிழை ஏதும் இருக்காது என்பதால், காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. முதலாவது, ஒரு நூலகம் முழுவதும் ஒரே அலகைப் பின்பற்றுவது. இரண்டாவது, பெயரிலேயே அலகைச் சேர்ப்பது. 'கர்ல்' நூலகத்தில் 'டைம்அவுட்' என்றால் விநாடி. 'டைம்அவுட்_எம்எஸ்' என்றால் மில்லி விநாடி. மூன்றாவது, எண்ணோடு அலகையும் கட்டாயமாக்குவது. சி++ மொழியில் 2011-இல் சேர்க்கப்பட்ட 'குரோனோ' இவ்வகை. அதைப் பயன்படுத்தும் காத்திருப்புக் கட்டளையில் வெறும் 5 என்று எழுதினால், நிரல் இயங்கும் முன்பே கணினி பிழை காட்டிவிடும்.

இயற்பியல் தேர்வில் அலகு எழுதாவிட்டால் ஆசிரியர் புள்ளியைக் குறைப்பார் அல்லவா? நிரலிலும் அதே ஒழுங்கு வேண்டும். அடுத்த முறை ஒரு காத்திருப்பு நேரத்தை எழுதும்போது, அந்த நூலகத்தின் விளக்கக் குறிப்பில் அலகைச் சரிபாருங்கள். உங்கள் மாறிக்கு 'நேரம்' என்பதற்குப் பதிலாக 'நேரம்_விநாடி' என்று பெயரிடுங்கள். பின்னர் அந்த நிரலைப் படிப்பவருக்குக் குழப்பம் இருக்காது.