கஞ்சாப் பிசின்: சரஸ் முதல் எண்ணெய் வரை

கஞ்சாச் செடியின் போதை அதன் உடல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. பெண் செடியின் பூங்கொத்திலும் அதை ஒட்டிய சிற்றிலைகளிலும் நுண்ணிய சுரப்பு மயிர்கள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு மயிரின் தலையிலும் ஒட்டுந்தன்மையுள்ள பிசின் துளியாகத் திரண்டு நிற்கும். நூற்றுக்கு மேற்பட்ட கன்னாபினொயிட் சேர்மங்கள் அந்தப் பிசினில் உள்ளன. போதை தருவது முதன்மையாக டெட்ராஹைட்ரோகன்னாபினோல்; சுருக்கமாக டிஎச்சி. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் ரஃபாயேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் 1964-ல் அதைத் தூய வடிவில் பிரித்து அதன் கட்டமைப்பை அறிவித்தனர். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பொலிஸார் கைப்பற்றிவைத்திருந்த ஹஷீஷ்.

நாரையும் இலைச் சக்கையையும் கழித்து இந்தப் பிசினை மட்டும் பிரித்துச் சேர்த்தால் கிடைப்பவையே செறிவுப் பொருட்கள். சரஸ், ஹஷீஷ், கஞ்சா எண்ணெய், ஷட்டர், ரோசின், டிஸ்டிலேட் எனப் பெயர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. எந்த வழியில் பிரிக்கப்பட்டது, ஒரு கிராமில் எவ்வளவு டிஎச்சி இருக்கிறது என்ற இரண்டையும் அறிந்தால் இந்தப் பெயர்களின் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இலங்கையின் வன்னியில் மக்கள் அறிந்த கஞ்சா பெரும்பாலும் காய்ந்த பூங்கொத்துத்தான். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, படகேறிப் பாக்குநீரிணையைக் கடக்கிறது. இங்கே அதற்குக் கேரளா கஞ்சா என்று பெயர். முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் கடற்படையும் பொலிஸாரும் மீட்கும் பொதிகளில் இருப்பது பெரும்பாலும் இதுவே. ஆனால் இதே கடல்வழியில் பிசினும் வருகிறது. 2024 மார்ச் தொடக்கத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வு இயக்ககமும் மன்னார் வளைகுடாவில் ஒரு படகை மறித்து 99 கிலோ ஹஷீஷைக் கைப்பற்றின. அதன் மதிப்பு 108 கோடி இந்திய ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பூங்கொத்தைக் கடத்த மூட்டைகள் வேண்டும். பிசினுக்குச் சிறு பைகள் போதும். கடத்தல்காரர் பிசினையும் எண்ணெயையும் நாடுவதற்கு இந்த எடைக் கணக்கே பெரிய காரணம்.

பிசின் வகைகளில் மிகப் பழையவை சரஸும் ஹஷீஷும். இரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர்; ஆனால் அவை செய்யப்படும் விதம் வேறு. சரஸ் உயிருள்ள பச்சைச் செடியிலிருந்து வருகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கிலும் அங்குள்ள மலானா என்ற மலைக்கிராமத்திலும் பூங்கொத்துகளை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து, கையில் ஒட்டும் கருமையான பிசினைத் திரட்டுவார்கள். ஈரமும் தாவரத் துணுக்குகளும் அதில் கலந்திருக்கும். தொட்டால் மென்மையாக இருக்கும். லெபனான், மொரோக்கோ நாடுகளின் ஹஷீஷோ காய்ந்த செடியைச் சல்லடையில் தட்டி, உதிரும் மயிர்த்தலைகளைப் பொடியாகச் சேர்த்து அழுத்திக் கட்டியாக்குவது. அது மண்ணிறமாகவும் உடையக்கூடியதாகவும் இருக்கும். அழுத்துவதற்கு முந்திய பொடிக்குக் கீஃப் என்று பெயர். பனிக்கட்டி நீரில் செடியைக் கலக்கி மயிர்த்தலைகளை உதிர்த்து வடிகட்டுவது இதே முறையின் புதிய வடிவம். பனிக்கட்டி என்றதும் வடக்கில் ஐஸ் என்று அழைக்கப்படும் மெத்தம்பெட்டமைனை நினைத்துவிடக் கூடாது. அது முற்றிலும் வேறான, ஆய்வுகூடத்தில் உருவாகும் இரசாயனம்.

பிரித்தானிய இந்திய அரசு 1893-94-ல் அமைத்த சணல் போதைப்பொருள் ஆணைக்குழு தன் ஏழு தொகுதி அறிக்கையில் பாங்கு, கஞ்சா, சரஸ் என மூன்று வகைகளைப் பிரித்துப் பேசியது. பாங்கு இலை; கஞ்சா பூ; சரஸ் பிசின். யார்க்கந்திலிருந்து லே வழியாகப் பஞ்சாபுக்குச் சரஸ் வணிகப் பொருளாகவே வந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவின் சாயல் இன்றும் தெரிகிறது. இலை மட்டும் என்றால் அதன் கஞ்சா வரையறைக்குள் வராது. பூங்கொத்தில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சரஸிலோ 100 கிராம், 1 கிலோ என்று எல்லைகள் இறங்கிவிடுகின்றன. கஞ்சா எண்ணெயையும் அந்தச் சட்டம் சரஸின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

கன்னாபினொயிட்கள் தண்ணீரில் கரைய மறுப்பவை. கொழுப்பிலும் மதுசாரத்திலும் எளிதில் கரைபவை. நெய்யில் கஞ்சாவை வறுத்துச் செய்யும் பழைய மருந்துகளின் அடிப்படை இதுதான். பச்சைச் செடியில் இருப்பது டிஎச்சியின் அமில வடிவம். சூடுபட்ட பின்னரே அது போதையாக மாறுகிறது. கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி 1839-ல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு மதுசாரத்தில் கரைத்த கஞ்சாச் சாறு ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்கும் போனது. இலங்கையில் ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்குக் கட்டுப்பாட்டுடன் கஞ்சா அனுமதிக்கப்படுகிறது. அந்த மரபின் பெயரைத் தாங்கிய மதன மோதகம் என்ற உருண்டை இன்று பாடசாலைகளை அண்டிய கடைகளிலிருந்தும் பிடிபடுகிறது. இது செறிவுப் பொருள் அல்ல. ஆயினும் விழுங்கும் கஞ்சாவின் ஆபத்து இதில் முழுமையாக உண்டு. புகையின் மயக்கம் சில நிமிடங்களில் தெரியும். விழுங்கியது ஈரலைக் கடந்து, அங்கே இன்னும் வலுவான சேர்மமாக மாறி வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை விழுங்கும் சிறுவர்கள்தான் வைத்தியசாலைக்கு வருகிறார்கள்.

கஞ்சா எண்ணெயில் கைவேலைக்குப் பதில் கரைப்பான் வருகிறது. மதுசாரமோ வேறு கரைப்பானோ பிசினைக் கரைத்து எடுத்துவிட்டு ஆவியாகிப்போக, கருமையான அல்லது பொன்னிறமான பசை மிஞ்சும். ஆந்திரத்தின் விசாகப்பட்டின மலைப்பகுதியில் பூங்கொத்தோடு இந்த எண்ணெயும் தொடர்ந்து பிடிபட்டு வருகிறது. வட அமெரிக்காவில் பியூட்டேன் வாயுவைக் கரைப்பானாகக் கொண்ட வகை பரவியது. கண்ணாடிபோல் உறைந்தால் ஷட்டர், மெழுகுபோல் இருந்தால் வாக்ஸ், உதிர்ந்தால் கிரம்பிள். இந்த மூன்றும் பண்டத்தில் ஒன்றே. தோற்றத்தில் மட்டும் வேறு. பியூட்டேன் எளிதில் தீப்பற்றும் வாயு. வீடுகளில் இதைச் செய்ய முயன்றவர்கள் வெடிப்பில் எரிந்து மாண்ட சம்பவங்கள் அங்கே பல. அறுத்த செடியைக் காயவிடாமல் உடனே உறையவைத்து எடுப்பது லைவ் ரெசின். மணம் தரும் டெர்பீன்கள் அதில் தங்கும். சூடும் அழுத்தமும் மட்டும் கொண்டு பிழிவது ரோசின். கரைப்பான் எச்சம் இல்லை என்பதால் அதைப் பாதுகாப்பானது என்று விற்கிறார்கள். டிஎச்சியின் வலு அதில் சிறிதும் குறைவதில்லை.

கடைசிப்படி டிஸ்டிலேட். எண்ணெயை மீண்டும் வெற்றிடத்தில் வாலைவடித்தால் மணமும் நிறமும் போய், பெரும்பாலும் டிஎச்சி மட்டுமே மிஞ்சிய பாகுநிலைப் பொருள் கிடைக்கும். இ-சிகரெட் குப்பிகளில் அடைக்கப்படுவது அதிகமும் இதுவே.

அளவைப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். பூங்கொத்தில் டிஎச்சி பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 20 வரை. நாட்பட்ட, வெயில் காய்ந்த சரக்கில் அது இன்னும் குறையும். டிஎச்சி காலப்போக்கில் வலுவற்ற கன்னாபினோலாகச் சிதைகிறது. ஹஷீஷில் 20 முதல் 50 வரை இருக்கலாம். எண்ணெய் வகைகளில் 60 முதல் 90 வரை. டிஸ்டிலேட்டில் 90-ஐத் தாண்டலாம். நூற்றுக்கு 15 உள்ள பூங்கொத்து அரை கிராமில் 75 மில்லிகிராம் டிஎச்சி இருக்கிறது. நூற்றுக்கு 90 உள்ள டிஸ்டிலேட்டில் கிராமில் பத்திலொரு பங்கே 90 மில்லிகிராம். தாய்லாந்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து பிடிபடும் குஷ் இந்த வரிசையில் சேராது; அது வலு கூடிய பூங்கொத்துத்தான்.

வலு ஏறும்போது தீங்கும் ஏறுகிறது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் லான்செட் மனநல இதழில் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 10-க்கு மேல் டிஎச்சி உள்ள கஞ்சாவை நாள்தோறும் பாவித்தவர்களுக்கு உளப்பிறழ்வு நோய் வரும் வாய்ப்பு ஒருபோதும் பாவிக்காதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கண்டது. செறிவுப் பொருட்களில் பெரும்பாலானவை அந்த 10 என்ற கோட்டுக்கு வெகு மேலே நிற்பவை. போரின் துயரத்தைச் சுமந்த குடும்பங்களில் வளரும் வன்னி இளையோருக்கு இந்த எண் வெறும் புள்ளிவிவரம் அல்ல. கலப்படம் இன்னொரு ஆபத்து. 2019-ல் அமெரிக்காவில் டிஎச்சி குப்பிகளில் எண்ணெயைத் தடிப்பாக்க வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்ததோடு பெரிதும் தொடர்புபட்ட நுரையீரல் நோய் வெடித்தது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலை சென்றனர் அல்லது இறந்தனர். அவர்களில் இறப்புகள் 68.

பிரித்தெடுக்கும் அதே அறிவு மருந்தாகவும் பயன்படுகிறது. அமெரிக்கா 2018-ல் அனுமதித்த எபிடியோலெக்ஸ், போதை தராத கன்னாபிடியோல் என்ற சேர்மத்தை மட்டும் தூய்மையாக்கிச் செய்த மருந்து. குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்கள் சிலவற்றுக்குத் தரப்படுகிறது. ஒவ்வொரு மில்லிலீட்டரிலும் எவ்வளவு மருந்து என்பது அதன் குப்பியில் எழுதப்பட்டிருக்கும். தெருவில் விற்கும் எந்தப் பிசினிலும் அப்படி ஒரு வரி கிடையாது. 1961-ஆம் ஆண்டு ஐ.நா. சாசனம் பிசினையும் சாறுகளையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. இலங்கையின் 1929-ஆம் ஆண்டு நச்சுப்பொருள், அபின், ஆபத்தான மருந்துகள் கட்டளைச் சட்டத்திலும் செடி மட்டுமல்ல, அதன் பிசினும் அதிலிருந்து செய்யும் தயாரிப்புகளும் அடங்கும்.

அளவு மீறியவரிடம் கடும் வாந்தி, மார்புப் படபடப்பு, பீதி, குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் தெரியலாம். சிறு பிள்ளைகளுக்கு மூச்சே தளரும். டிஎச்சிக்கு முறிமருந்து கிடையாது. கண்காணிப்பும் அறிகுறிகளுக்கான சிகிச்சையுமே வழி. எனவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறவர்கள் உட்கொண்டது புகையா, விழுங்கிய உருண்டையா, எண்ணெயா, எத்தனை மணிக்கு என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகையின் விளைவு சில மணி நேரத்தில் தணியும். விழுங்கியது பல மணி நேரம் ஏறிக்கொண்டும் நீடித்துக்கொண்டும் இருக்கும் என்பதால், எவ்வளவு நேரம் நோயாளியை வைத்திருக்க வேண்டும் என்பதை அந்த விடையே தீர்மானிக்கிறது.