மயானம் இருக்கு, பாதை இல்லை: நாராயணபுரம் எழுப்பிய கேள்வி

பாலாறு, வழக்கு ரெண்டையும் சேர்த்துச் சொன்னா பலருக்கும் நினைவுக்கு வருவது தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்குதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்து, உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்ன வழக்கு. இந்தக் குறிப்பு அதே ஆற்றுப் பகுதியில் நடந்த இன்னொரு விஷயம் பற்றியது.

2019 ஆகஸ்ட் 17. ஆம்பூருக்கு அடுத்த வாணியம்பாடி பக்கம் நாராயணபுரம். காலனியில் ஒருவர் இறந்துபோனார். மயானம் ஆற்றோரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வழி சாதி இந்துக்களின் பட்டா நிலத்துக்குள், வேலிக்கு அந்தப் பக்கம். அதனால் உடலைப் பாடையோடு கயிறு கட்டி, சுமார் 20 அடி உயரப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். வீடியோ பரவியது. இது முதல் தடவை இல்லை என்று ஊர் மக்கள் சொன்னார்கள். அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

கவனிங்க, இங்கே மயானம் மறுக்கப்படவில்லை. பாதைதான் இல்லை. சட்டச் சிக்கல் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர் மற்றவர்களைப் போல இடுகாடு, சுடுகாட்டைப் பயன்படுத்துவதையும், பொதுப் பாதையில் போவதையும் தடுப்பதைக் குற்றம் என்று தெளிவாகவே சொல்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் நிலக்காரர் என்ன சொல்வார்? "நான் யாரையும் தடுக்கலை, என் நிலத்துக்கு வேலி போட்டேன், அவ்வளவுதான்." பாதை பொதுப் பாதையாகப் பதிவாகியிருந்தால் இந்தப் பதில் நிற்காது. பட்டாவுக்குள் இருந்தால் வழக்கு சொத்துத் தகராறாக மாறிவிடும்.

அப்போ உதவிக்கு வருவது 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைகள் சட்டம். அடுத்தவர் நிலத்து வழியாக 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் அந்த வழி உங்கள் உரிமையாகலாம். ஊர் வழக்கமாக வந்த வழிக்கும் தனிப்பிரிவு உண்டு. ஆனால் ஒரு கண்ணி இருக்கு. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். வேலி போட்ட பிறகு, சண்டை வேண்டாம் என்று சும்மா இருந்தால் உரிமை கோருவதே கஷ்டமாகிவிடும். நிலக்காரர் வயலில் கூலி வேலை பார்க்கிற குடும்பம் அவர் மேலேயே கேஸ் போடுமா? பயந்து பொறுத்துப்போன வருஷங்கள் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கே எதிராகத் திரும்புது.

இன்னொரு வழி, அரசே நிலம் எடுப்பது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்த 1978-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. மயானத்துக்கோ அதற்கான பாதைக்கோ நிலம் எடுக்கலாம். நாராயணபுரத்தில் நிர்வாகம் செய்தது வேறு: காலனி மக்களுக்கு மயானத்துக்காகச் சுமார் அரை ஏக்கர் ஒதுக்கியது.

பிரச்சினை தீர்ந்ததுன்னு தோணும். நீதிமன்றம் அங்கேதான் கேள்வி கேட்டது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது, ஆதிதிராவிடருக்கு மட்டும் எதற்குத் தனி மயானம்? தனி இடம் கொடுப்பதன் மூலம் அரசே பிரிவினையை ஊக்குவிப்பது போல ஆகாதா?

நியாயமான கேள்வி. ஆனால் உடலை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அன்றைக்கே ஒரு இடம் வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலும் இதே நெருக்கடிதான். சத்தீஸ்கரின் பஸ்தரில் ஒரு கிறிஸ்தவப் போதகரை ஊரில் புதைக்க விடவில்லை. குடும்பத்தின் சொந்த நிலத்திலேயே புதைக்கலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. 20–25 கிலோமீட்டர் தள்ளி, கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. கருத்து பிளந்தால் வழக்கமாகப் பெரிய அமர்வுக்குப் போகும். ஆனால் உடல் ஜனவரி 7 முதல் பிணவறையில் இருந்தது. அதனால் அந்தத் தூரத்து இடத்திலேயே புதைக்க உத்தரவானது. தத்துவக் கேள்வி அப்படியே நின்றுபோச்சு.

சொத்து வழக்கு பத்து வருஷம் காத்திருக்கும். உடல் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. அதனால் சாவு விழுந்த பிறகு எடுக்கிற முடிவு எப்பவும் அவசர முடிவாத்தான் இருக்கும்.

எனவே வேலை அதுக்கு முன்னாடியே நடக்கணும். உங்க ஊர் மயானத்துக்குப் போகும் வழி, கிராமக் கணக்கிலும் புல வரைபடத்திலும் பாதையாக இருக்கா, பட்டாவுக்குள் மறைஞ்சிருக்கா என்று பாருங்க. இல்லையென்றால், யாரும் சாகாத ஒரு நாளில் வட்டாட்சியருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்க.