தட்டில் தெரியும் உண்மை



சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்திற்கு ஏறுகிறவர்கள் மார்ச்சளியோடு வந்தால், "விலை கூடின மாத்திரையாகக் கொடுங்கள்" என்கிறார்கள். விலையில் இல்லை வீரியம்!

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்நின்று, நம் நாட்டின் 6 மருத்துவமனைகளில் 1993 முதல் 1997 வரை ஆராய்ந்தார்கள். இத்தகைய சோதனையில், கிருமி வளரும் தட்டின்மேல் மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைப்போம். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். பலிக்காவிட்டால் கிருமி வில்லையை ஒட்டியே வளரும். அன்று ஊரெங்கும் கொடுக்கப்பட்ட கோட்ரைமாக்சசோலை 100-க்கு 56 கிருமிகள் எதிர்த்தன. பழைய பெனிசிலினையோ ஏறக்குறைய 1 மட்டுமே, அதுவும் அரைகுறையாய் எதிர்த்தது. 1999-ல் இது 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2014-ல், பெனிசிலின் குடும்பத்து அமாக்சிசிலினையே குழந்தைகளின் நிமோனியாவுக்கு முதல் மருந்தாக்கியது.

ஆனால் பெனிசிலினுக்கும் எதிர்ப்பு பிற்பாடு கூடியிருக்கிறது. சாதாரண ஜலதோஷத்திற்கெல்லாம் இம்மருந்துகளை விழுங்குவது முக்கிய காரணம். ஜலதோஷம் வைரஸால் வருவது, அதனிடம் இவை செல்லாது. ஆகவே பழைய கணக்கை நம்பியிராமல், திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கிறது. "மாத்திரைக்குக் கொடுத்த காணிக்கையில் தட்டும் வில்லையும் ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்டிருந்த அன்பர்களுக்கு இதுவே எங்கள் பதில்.