காப்பதும் கெடுப்பதும் ஒரே வாயு

எமது கேட்டியிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஹூஸ்ரன் நகரம். அங்குள்ள பெரிய மருத்துவ வளாகம் நம்மில் பலருக்குப் பயத்தோடு போய்வரும் இடம். அந்த வளாகத்தில், ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபெரிட் மூராட் என்ற விஞ்ஞானி, 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். பரிசுக்குக் காரணம் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு.

பல் வைத்தியர் தரும் சிரிப்பு வாயு வேறு. அது நைதரசு ஒட்சைட்டு. பெயர் ஒத்திருப்பதால் குழம்ப வேண்டாம். நைத்திரிக் ஒட்சைட்டை எமது உடலே உண்டாக்குகிறது. சில செக்கன்களே நிற்கும். அதற்குள் இரத்தக் குழாயைத் தளர்த்தி விரியச் செய்துவிடும். நெஞ்சு வலிக்காரர் நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரின் குளிசையும் இந்த வாயுவை வெளிவிட்டே வேலை செய்கிறது. இதை மூராட் 1977இல் கண்டார்.

இதே வாயு இன்னொரு நோயிலும் பேசப்படுகிறது. அது இருதயத் தசை அழற்சி. பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருவது, இளைஞரையும் விடாது. வைரஸ் தாக்கும்போது உடல் இந்த வாயுவைப் பெருமளவில் சுரக்கிறது. அவ்வாறு சுரக்க முடியாத எலிகளுக்குக் கொக்சாக்கி வைரஸை ஏற்றி ஆராய்ந்த முடிவு 1998இல் வெளிவந்தது. அந்த எலிகளின் இருதயத்தில் வைரஸும் பெருகியது, பாதிப்பும் கூடியது. ஆகவே வாயு காவலாளி.

ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் இருதயத்தையே தாக்கும் வகை அழற்சியை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தபோது கதை மாறியது. அங்கே அளவுமீறிச் சுரந்த வாயுவைத் தடுத்ததும் பாதிப்புக் குறைந்தது. காவலாளியே வீட்டை உடைத்தது போல. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எமது பெரியவர்கள் சொன்னது இதுதான். எனவே இந்த வாயுவைக் கூட்டும் என்று கடையில் விற்கும் தூளையும் குளிசையையும் இந்த நோய்க்கு மருந்தென்று நம்பி வாங்க வேண்டாம்.

ஒரு ஷிஃப்ற் போனால் சம்பளம் போகும் என்று காய்ச்சலோடு மெஷின் முன் நிற்பவர்கள் நாம். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு வலி, மூச்சு முட்டல், படபடப்பு, மயக்கம் வந்தால் வேலை அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடனே 911. அவசர சிகிச்சைப் பிரிவுள்ள, மெடிக்கெயார் ஏற்கும் வைத்தியசாலைகள், காசு இல்லையென்றாலும் எம்மைப் பரிசோதித்து ஆபத்தைத் தணிக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். பில் பிறகு வரும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அழற்சி என்று வைத்தியர் சொன்னால், அவர் சரியென்னும்வரை பாரம் தூக்காமலும் ஓடி விளையாடாமலும் இருப்போம். சில மாதங்கள் எடுக்கலாம். வேலை இன்னொன்று தேடலாம், இருதயம் ஒன்றுதான்.