மின்கருவிகளின் தராதரம்

உளியும் ரம்பமும் இழைப்புளியும் கொண்டு பகல் முழுதும் முயன்று செய்த வேலையை, இரு கைகளுக்குள் அடங்கும் மின்கருவி ஒன்று சிறிது நேரத்திற்குள் முடித்துக் கொடுத்துவிடுகிற காலம் இது. ஆசாரி, கொத்தனார், எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், டிரில்லிங் மெஷினோ, கிரைண்டரோ, மார்பிள் கட்டரோ இல்லாமல் அவருடைய ஜீவனம் இன்று நடப்பதில்லை. ஆயினும், சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் உள்ள கடை ஒன்றில் போய் நின்று, நீலமும் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக அடுக்கப்பட்டிருக்கும் பெட்டிகளைப் பார்க்கும்போது, ஒரே வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு யந்திரங்களுக்கு இடையே விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபடுவதற்குக் காரணம் என்ன, எதை நம்பி எதை வாங்குவது என்ற கேள்விகள் எவருக்கும் எழாமல் இரா. சேமித்து வைத்த பணத்தை முதலாகப் போட்டுக் கருவி வாங்குகிற தொழிலாளிக்கு இந்தக் கேள்விகளின் விடை மிகவும் அவசியமானது. அதைத் தக்க ஆதாரங்களோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்தக் கருவிகளையும் அவற்றைச் செய்யும் நிறுவனங்களையும் பற்றிய பூர்வோத்தரத்தைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலம். கையில் பிடித்து இயக்கத்தக்க மின்சாரத் துளைக் கருவியை 1895-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்தது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தைச் சேர்ந்த ஃபைன் நிறுவனம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1910-இல் டங்கன் பிளாக், அலோன்ஸோ டெக்கர் என்ற இரு நண்பர்கள் தொடங்கிய பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட துளைக் கருவிக்கு 1917-இல் காப்புரிமை பெற்றது; இன்று உலகெங்கும் உள்ள டிரில்லிங் மெஷின்களில் பெரும்பாலானவை அந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த பாஷ் நிறுவனம் 1932-இல் மின்சாரச் சுத்தியல் கருவியை வெளியிட்டது. ஜப்பானில் நகோயா நகரத்தில் 1915-இல் மோட்டார்களை விற்பதும் பழுது பார்ப்பதுமான சிறு கடையாகத் தொடங்கிய மக்கிட்டா, 1958-இல் அந்நாட்டின் முதல் மின்சார இழைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில், ஷிரோல் என்னும் ஊரில், குல்கர்னி பவர் டூல்ஸ் என்று முன்பு வழங்கியதும் 1976-இல் தோன்றியதுமான கே.பி.டி. நிறுவனம் இத்தகைய கருவிகளைச் செய்துவருகிறது.

பெயர் வேறு, தரம் வேறு என்பதற்கு இந்தத் தொழிலின் சரித்திரத்திலேயே தக்கதோர் உதாரணம் இருக்கிறது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கத் தச்சர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வாங்கிய கருவிகளில் ஏறக்குறைய பாதி மக்கிட்டாவுடையதாக இருக்க, உள்நாட்டில் பிறந்து வளர்ந்த பிளாக் அண்ட் டெக்கருக்குப் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. கருவிகளைச் சோதித்துப் பார்த்தபோது தரத்தில் பெரிய குறை ஒன்றும் காணப்படவில்லை; ஆனால் அதே பெயர் சமையலறைச் சாதனங்களின்மீதும் பொறிக்கப்பட்டிருந்தபடியால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போவதைத் தொழிலாளர்கள் கௌரவக் குறைவாக எண்ணினார்கள். இதை உணர்ந்த நிறுவனத்தார், தாம் 1960-லேயே விலைக்கு வாங்கியிருந்த டிவால்ட் என்னும் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, கருவிகளுக்கு மஞ்சள் வர்ணம் பூசி, பழுது பார்க்கும் வசதிகளையும் செம்மைப்படுத்தி, 1992-இல் புதிதாக வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது அமெரிக்கத் தொழிலாளர்களின் பிரியத்துக்குரிய கருவியாயிற்று. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளத்தில் எழும் மதிப்பு, கருவியின் உள்ளே இருப்பதைக் கொண்டு மட்டும் எழுவதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஒரு நிறுவனத்தின் பெயரை மற்றொன்றின் பெயரோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், ஒரே நிறுவனம் எந்த உபயோகத்துக்காக எந்த வகையைச் செய்கிறது என்று பார்ப்பதே அதிகப் பிரயோஜனமுள்ளது. பாஷ் நிறுவனம் தொழிலாளருக்கென்று நீல நிறத்திலும், வீட்டில் எப்போதாவது ஒரு துளை போடுகிறவருக்கென்று பச்சை நிறத்திலும் கருவிகளைச் செய்கிறது. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் ஆகிய மூன்றும் இன்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தொழிலாளர்கள் பெரிதும் மதிக்கும் மில்வாக்கிக் கருவிகளும், வீட்டு உபயோகத்துக்கான ரயோபிக் கருவிகளில் பெரும்பகுதியும் ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே நிறுவனத்திலிருந்து வருகின்றன. மாதத்துக்கு ஒரு முறை உபயோகிப்பவருக்காகச் செய்யப்பட்ட கருவியை நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. அவ்வாறே, ஆண்டுக்கு நாலு ஆணி அடிக்கவும் நாலு துளை போடவும் வேண்டியிருக்கும் வீட்டுக்காரர், தொழிலாளிக்கான விலையுயர்ந்த கருவியை வாங்கிப் பரணில் வைப்பதும் விவேகமாகாது.

இனி, தரம் என்பது கருவியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்ப்போம். ஒயரில் இயங்கும் பெரும்பாலான கருவிகளில், சுழலும் ஆர்மேச்சரும், அதைச் சூழ்ந்த ஃபீல்டு காயிலும், மின்சாரத்தை ஆர்மேச்சருக்குக் கொண்டு சேர்க்கும் இரண்டு கார்பன் பிரஷ்களும், வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் கியர்களும், அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும் இருக்கின்றன. காயிலில் உள்ள தாமிரத்தின் அளவு, அதன்மேல் பூசிய காப்புப் பூச்சு வெப்பத்தைத் தாங்கும் திறன், கியருக்கு உபயோகித்த எஃகின் கடினம், பேரிங்குக்குள் தூசி புகாதபடி செய்யப்பட்ட பாதுகாப்பு ஆகியவற்றிலேதான் நல்ல கருவியும் மட்டமான கருவியும் பிரிகின்றன. இவற்றில் ஒன்றுகூடக் கடையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்கோ, கருவி எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதைத் தெரிவிக்குமேயன்றி, அதில் எவ்வளவு வேலையாக மாறுகிறது, எவ்வளவு வீணே வெப்பமாகப் போகிறது என்பதைத் தெரிவிப்பதில்லை. நம்பிக்கையான நிறுவனத்தின் 500 வாட் கருவி, பெயரறியாத 800 வாட் கருவியைக் காட்டிலும் திறமாக உழைப்பதைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கருவியின் வகையை அறியாமல் வாங்குவதாலும் தரத்தைப் பற்றித் தவறான அபிப்பிராயம் உண்டாகிறது. சாதாரண இம்பாக்ட் டிரில்லில், பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து சிறு சிறு அதிர்வுகளை உண்டாக்குகின்றன. செங்கற்சுவருக்கு இது போதும். கான்கிரீட்டுக்குரிய ரோட்டரி ஹேமரிலோ, உருளைக்குள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்த அழுத்தத்தால் ஓர் எஃகுக் கட்டையைத் துளைக்கம்பியின் முதுகில் மோதச் செய்கிறது. இதன் வலிமையை வாட்டால் அளப்பதைவிட, ஒவ்வோர் அடியின் ஆற்றலைக் காட்டும் ஜூல் கணக்கால் அளப்பதே சரி; பாஷ் நிறுவனத்தின் 2-26 என்னும் பிரசித்தமான ஹேமர் 2.7 ஜூல் ஆற்றலோடு அடிப்பது. கான்கிரீட்டுத் தூணில் இம்பாக்ட் டிரில்லை வைத்து அமுக்கி, காயில் கருகிப் போனபின் கருவி மட்டமென்று சொல்வோர் பலர். மட்டமானது கருவியன்று, தேர்வு.

பாட்டரியால் இயங்கும் கருவிகளில் வேறு சில நுட்பங்கள் உண்டு. 20 வோல்ட் என்று ஒரு நிறுவனமும் 18 வோல்ட் என்று மற்றொரு நிறுவனமும் எழுதியிருந்தால், முன்னது அதிக வலிமையுள்ளதென்று நினைத்துவிடலாகாது. இரண்டிலும் வரிசையாக இணைக்கப்பட்ட ஐந்து லித்தியம் செல்களே இருக்கின்றன. முழுதும் சார்ஜ் ஏற்றிய நிலையில் செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20, வேலை செய்யும்போதுள்ள சராசரியான 3.6 வோல்ட்டைக் கொண்டு கணக்கிட்டால் 18. பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணிக் கணக்கையும், மோட்டார் பிரஷ் இல்லாத வகைதானா என்பதையும்தான். பிரஷ் இல்லாத மோட்டாரில் உராய்ந்து தேயும் பாகம் குறைவாதலால் அது நெடுநாள் உழைக்கும், ஒரே சார்ஜில் அதிக வேலையும் செய்யும். ஒரு நிறுவனத்தின் பாட்டரி பெரும்பாலும் மற்றொன்றின் கருவியில் பொருந்துவதில்லை. ஆகையால் முதல் கருவியை வாங்கும் தினத்திலேயே, பின்னால் வாங்கப் போகும் நாலைந்து கருவிகளுக்கான நிறுவனத்தையும் நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பதை மறக்கலாகாது.

விலையைப் பற்றிச் சொல்லும்போது, கடையில் எண்ணிக் கொடுக்கும் தொகையை மட்டும் விலையென்று கொள்வது பெரும் பிசகு. கணக்குக்காக, 1,300 ரூபாய்க்கு ஒரு கிரைண்டரும் 2,600 ரூபாய்க்கு மற்றொன்றும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னது ஆறு மாதத்தில் காயில் எரிந்து, அதற்கு ஆர்மேச்சர் கிடைக்காமல் குப்பைக்குப் போக, பின்னது இடையில் இரண்டு முறை கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டு மூன்று ஆண்டுகள் உழைக்குமானால், குறைந்த விலைக்காரர் அதற்குள் ஆறு கருவிகள் வாங்கி 7,800 ரூபாய் செலவழித்திருப்பார். கருவி நின்ற நாட்களில் இழந்த கூலியும், குறித்த நாளில் வேலை முடியாததால் இழந்த வாடிக்கையும் இதில் சேரவில்லை. அதே சமயம், வருஷத்துக்கு ஒரு நாள் உபயோகிப்பவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாக மாறும். அவருக்கு 1,300 ரூபாய்க் கருவியே பல ஆண்டுகள் போதுமானது. விலை மலிவா அல்லவா என்பதை நிர்ணயிப்பது வாங்குகிறவர் அதனிடம் வாங்கும் வேலையின் அளவே.

வாரண்டி என்னும் உத்தரவாதத்தைப் பற்றி மக்களிடையே நிலவும் மயக்கம் எல்லாவற்றிலும் பெரிது. அமெரிக்காவில் டிவால்ட் கருவிகளுக்கு மூன்று ஆண்டும், மில்வாக்கிக்குப் பெரும்பாலும் ஐந்து ஆண்டும், மக்கிட்டாவின் 18 வோல்ட் பாட்டரிக் கருவிகளுக்கு மூன்று ஆண்டும், அதே மக்கிட்டாவின் ஒயர்க் கருவிகளுக்கு ஓராண்டும் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில், வாங்கிய சில வாரங்களுக்குள் பதிவு செய்துகொண்டால் பாஷின் நீலக் கருவிகளுக்கும் மக்கிட்டாவுக்கும் மூன்று ஆண்டு கிடைக்கிறது. இந்தியாவிலோ அது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையில்தான். ஒரே பெயரைத் தாங்கிய கருவிக்குத் தேசத்துக்குத் தேசம் உத்தரவாதம் மாறுகிறதென்றால், அந்தக் காலக்கெடு தரத்தின் அளவுகோலன்று. அந்தந்தத் தேசத்தின் சட்டம், போட்டி, அங்கே கருவி படும் பாடு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து வியாபாரிகள் கண்ட விடையேயாகும்.

அன்றியும், உத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்துக்களிலேதான் அதன் சாரம் இருக்கிறது. கார்பன் பிரஷ், ஒயர், சக், பிளேடு முதலிய தேயும் பாகங்கள் பெரும்பாலும் அதில் அடங்கா. அளவுக்கு மீறி அமுக்கி ஓட்டியதால் காயில் எரிந்தாலும், வெளியில் யாரிடமாவது கொடுத்துத் திறந்து பார்த்திருந்தாலும், கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பொருந்தாத பிளேடை மாட்டியிருந்தாலும் உத்தரவாதம் செல்லாது. அந்த மூடியைக் கழற்றுவதால் பணம் போவதைவிடக் கையும் கண்ணும் போகும் அபாயமே பெரிதென்பதை ஒவ்வொரு தொழிலாளியும் மனத்தில் இருத்த வேண்டும். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் நம்மவர் பலர் அங்கிருந்து கருவி வாங்கிவருகிறார்கள். அங்குள்ள மின்னழுத்தம் பெரும்பாலும் நம்முடையதை ஒத்திருப்பதால் அவை இங்கே நன்றாக ஓடும், ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஒயர்க் கருவியையோ, நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் காயில் எரிந்துவிடும்.

பிரசித்தமான பெயர்களைத் திருடி ஒட்டிய டூப்ளிகேட் கருவிகளும் நம் கடைவீதிகளில் நிறைய உலாவுகின்றன. நிறுவனம் ஏற்றுக்கொண்ட விற்பனையாளரிடம் வாங்குவது, கருவியின்மேல் பொறித்த வரிசை எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது, ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீதைக் கேட்டு வாங்கி அதன் புகைப்படத்தைப் பத்திரப்படுத்துவது, பதிவு செய்தால் காலக்கெடு நீளுமென்றால் அன்றைக்கே பதிவு செய்வது ஆகியவை சிறு சிரமங்கள்தாம்; ஆனால் அந்த ரசீது இல்லாமல் நிறுவனத்திடமும் பேச முடியாது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடுவதும் கடினம்.

மின்கருவி தேய்ந்தே தீரும் பொருள். எந்த நாட்டுத் தயாரிப்பாயினும் அதன் பாகங்கள் தேயும், பேரிங் இரையும், ஒரு நாள் அது நிற்கும். ஆகையினால், தரம், விலை, உத்தரவாதம் என்று மூன்றாகத் தோன்றும் கேள்விகள் உண்மையில் ஒரே கேள்விதான்: கருவி நின்றுபோனால், அது எத்தனை நாளில், எவ்வளவு செலவில் மறுபடியும் எழுந்து ஓடும்? இதற்கு விடை அறிந்தவர் விளம்பரக்காரர் அல்லர். தினந்தோறும் பல நிறுவனங்களின் கருவிகளைப் பிரித்து மாட்டும் பழுது பார்ப்பவரே. கடைக்குப் போகும் முன், உங்கள் ஊரில் அத்தகைய ஒருவரைக் கண்டு, எந்தக் கருவிக்கு ஆர்மேச்சரும் சுவிட்சும் கியரும் இங்கேயே கிடைக்கின்றன, எதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களுக்குள், உங்கள் வேலைக்குத் தக்க வகையை, உங்கள் கைக்கு எட்டும் விலையில் தேர்ந்துகொண்டால், உழைத்துச் சேர்த்த பணம் வீண்போகாது.