புதுச்சேரி அல்லையன்ஸ் பிரான்சேஸ்

புதுச்சேரி அல்லையன்ஸ் பிரான்சேஸ் என்பது பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் கற்பிக்கும் நிறுவனமாகும். 1883இல் பாரிசில் தோன்றிய அல்லையன்ஸ் பிரான்சேஸ் அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1889இல் தொடங்கப்பட்டது. வயது வந்தோரும் சேரக்கூடிய இவ்வகுப்புகளில் பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகியவை தொடக்கநிலையிலிருந்து படிப்படியாகக் கற்பிக்கப்படுகின்றன. நூலகம், ஓவியக் கண்காட்சி, திரைப்படம், இசை நிகழ்ச்சி ஆகியவையும் இங்கு உண்டு.

இக்கல்விக்கு ஊர் சார்ந்த தேவை ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் கைக்கு மாறியது. ஆனால் அதற்கு முந்தைய பிறப்பு, திருமணப் பதிவுகளும் நிலப் பத்திரங்களும் பல பிரெஞ்சில் எழுதப்பட்டவை. பள்ளியில் பிரெஞ்சு படிக்காத ஒருவர் நடுவயதில் இம்மொழியைக் கற்றால், தம் பாட்டனாரின் பத்திரத்தைப் பிறர் உதவியின்றித் தாமே படித்தறியலாம்.