மூலிகைக்கு வீரியம் கூட்டும் ஹார்மோன்!

கொல்லிமலைக்குப் போனால் அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, கையோடு ஏதாவது மூலிகையும் வாங்கி வருவோம். ஒரே மூலிகை ஓரிடத்தில் வீரியமாகவும், இன்னோரிடத்தில் சப்பென்றும் இருப்பது ஏன்?

செடிக்கு ஓடி ஒளியக் கால் கிடையாது. புழு கடித்தாலோ வெயில் வாட்டினாலோ, தன்னைக் காத்துக்கொள்ளச் சில பொருள்களைச் சுரக்கும். நமக்கு மருந்தாவது பெரும்பாலும் அவைதான். 'ஆபத்து வந்தாச்சு' என்று செடிக்குள் சேதி சொல்பவை ஹார்மோன்கள். ஜாதிமல்லி எண்ணெயில் கண்டெடுத்த மெத்தில் ஜாஸ்மோனேட் ஒன்று; ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலிக் அமிலம் மற்றொன்று.

புழு கடிக்காமலே அந்தச் சேதியை நாம் அனுப்பினால்? திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமுக்கரா வேரை ஆய்வகக் குடுவையில் வளர்த்து, இவற்றை மிகச் சிறிதளவு சேர்த்துப் பார்த்தார்கள். வித்தனோலைடு என்னும் மருந்துச் சத்து பல மடங்கு கூடியதை 2013-ல் வெளியிட்டார்கள்.

வேர்தான் மருந்து என்றால், பிடுங்கியதும் செடியே போச்சு! குடுவையில் வேர் விளைந்தால் மலைச்செடிகள் பிழைக்கும்.

அதற்காக ஹார்மோன் வாங்கி வீட்டுத் துளசிக்குத் தெளித்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் செடியின் வளர்ச்சி குன்றிவிடும். சத்து கூடினால் சாப்பிடும் அளவையும் மாற்றவேண்டும். அமுக்கரா அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். சிலருக்குக் கல்லீரலே பாதிக்கலாம். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். 'வீரியம் அதிகம்' என்று எழுதிய டப்பாவை வாங்கினால், அதில் சத்தின் அளவு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.